நின்ற வண்டி குடித்த பெட்ரோல்

ஒரு பொருள் குறைந்தால் என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. மும்பை தாராவியில் அரிசியும் கருப்பட்டியும் விற்கிற கடை அவருடையது. மூட்டை இறங்கும்போது ஒரு எடை, ஏறும்போது ஒரு எடை என்றே வாழ்க்கை போய்விட்டதால், வீட்டிலும் சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏளா, நேத்து யாரும் வந்தாவளா?” என்று கேட்பார். அப்படிப்பட்டவருடைய காரில் போன கோடையில் பெட்ரோல் குறைய ஆரம்பித்தது. அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கார் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் நெருக்கி உட்காரலாம், ஐந்தாவது ஆள் ஏறினால் கதவு சண்டை போடும். வாங்கியபோது வெள்ளை, இப்போது பழைய வேட்டி நிறம். தாராவிக் கடை வாசலில் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது என்பதால் அவர் தினமும் போவது பஸ்ஸில்தான். வண்டி வாரம் முழுக்க சுனாபட்டியில் எங்கள் கட்டடத்து காம்பவுண்டுக்குள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். மாட்டுங்காவில் காய்கறி, கோயில், யார் வீட்டு விசேஷமாவது இருந்தால் அது, கடைசியில் சயானில் பெட்ரோல் பங்க்.

பங்க்கில் அவர் செய்கிறதைப் பார்க்க வேண்டும். டாங்க் நிரம்பி வழிகிற வரை போடச் சொல்வார். பிறகு இறங்கிப் போய் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்குவார், அரிசியை மூட்டைக்குள் குலுக்கி அமர்த்துகிற மாதிரி. “இன்னும் கொஞ்சம் பிடிக்கும், போடு பாய்” என்பார். பின்னால் பைக்குகள் ஹாரன் அடிக்கும். நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, யாரோ ஏற்றிக்கொண்டு வந்த பெண்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பேன். வண்டி நகர்ந்ததும், போன ஞாயிறிலிருந்து ஓடிய கிலோமீட்டரை இன்று பிடித்த லிட்டரால் மனதிலேயே வகுத்து, பிள்ளையின் பரீட்சை மார்க்கைச் சொல்கிற குரலில் என்னிடம் சொல்வார். நல்ல எண் வந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஓட்டுகிற அழகும் அதற்கேற்ற மாதிரிதான். சிக்னலில் சிவப்பு விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடுவார். பச்சை விழுந்ததும் சாவியைத் திருப்ப, அது இரும, பின்னால் உள்ளவர்கள் திட்ட, நாங்கள் கிளம்புவோம். மேம்பாலம் இறங்கும்போது நியூட்ரலில் விட்டுவிட்டு, “பாத்தியா, ஃப்ரீயா போகுது” என்பார். அந்த வண்டியில் ஏசி என்று ஒன்று இருப்பது சம்பந்தி வீட்டார் ஏறினால்தான் எங்களுக்கு நினைவுக்கு வரும்.

டிராம்பேயில் என் அக்கா இருக்கிறாள். அத்தான் போனபின் தனியாக இருக்கிறாள். அவளுக்குக் கண் மங்கல், எனக்கு முழங்கால் வலி. அவளால் வர முடியாது. நான் போக வேண்டுமென்றால் செம்பூரில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும், அந்தப் பஸ்ஸின் படியோ என் இடுப்பு உயரம். காரில் கொண்டுவிடச் சொன்னால் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். “டிராம்பே போயிட்டு வந்தா ஒண்ணரை லிட்டரு போயிரும்ளா. அடுத்த மாசம் பாப்போம்” என்பார். மனிதர் கெட்டவர் இல்லை. கடைக்கு வருகிற டெம்போக்காரர் யாராவது அந்தப் பக்கம் போனால் அக்காவுக்கு மறக்காமல் கருப்பட்டி கொடுத்தனுப்புவார். கருப்பட்டியை அனுப்பத் தெரிந்தவருக்கு என்னை அனுப்பத் தெரியவில்லை, அவ்வளவுதான். அக்கா ஃபோனில், “உன் மூஞ்சி எனக்கு முழுசா மறையறதுக்குள்ள நாலு தடவ வந்துட்டுப் போட்டி” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஃபோனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்காது.

யாரையும் கேட்காமல், யார் முகத்துக் கணக்கையும் பார்க்காமல், நினைத்த நாளில் அக்காவிடம் போக வேண்டும். அதற்காகத்தான் இந்த வயதில் கார் ஓட்டப் பழகினேன்.

அவரிடமே பழக்கித் தரச் சொல்லி ஒரு தடவை கேட்டிருக்கிறேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். அவர் சிரித்தார். சிரித்ததோடு விடாமல் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், “இவ வண்டி ஓட்டுனா சயான் பாலத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிருவா” என்று சொல்லிவிட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. ஊரே சிரிக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா, நானும் சிரித்தேன். ஆனால் பாயசம் வருவதற்குள் மனதில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டேன். லைசென்ஸ் வாங்கி அதை இவர் சாப்பிடுகிற தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற வரை வாயைத் திறப்பதில்லை.

டிரைவிங் ஸ்கூல் மாட்டுங்காவில், பூக்கடைகளுக்குப் பக்கத்தில். அதனால் வகுப்பு இருக்கிற நாளெல்லாம் வீட்டில் நான் சொன்ன காரணம், பூ வாங்கப் போகிறேன் என்பது. சொன்ன பிறகு வாங்காமல் வர முடியுமா? அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டுச் சாமி படங்கள் மாலைக்குள் மறைந்தே போயின. “என்னளா, திடீர்னு பக்தி கூடிட்டு? முருகனுக்கு மூச்சு முட்டுது” என்றார். அவருக்கு முன்னாலேயே முருகனைக் கும்பிட்டு, இந்த மனுஷன் கண்ணில் படாமல் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன்.

ஸ்கூல் வண்டியில் ஒரு தொந்தரவு உண்டு. சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளச் இருக்கும். வண்டி நின்றால் நிறுத்தியது என் காலா, அவர் காலா என்று எனக்குத் தெரியவே தெரியாது. பரீட்சையில் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அதுதான் வரவில்லை. வீட்டில் நம்முடைய வண்டி சும்மாதானே நிற்கிறது என்று தோன்றியது.

எங்கள் காம்பவுண்டைப் பற்றிச் சொன்னால்தான் அடுத்தது புரியும். இடம் எத்தனை வண்டிக்கு உண்டோ அதைப்போல இரண்டு பங்கு வண்டி அங்கே நிற்கிறது. எங்கள் காருக்கு முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார். நடுவில் எங்களுக்குக் கிடைத்தது முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி. யாராவது வெளியே போக வேண்டுமென்றால் வாட்ச்மேன் மற்ற வண்டிகளைக் கையால் தள்ளி வழிவிடுவார். தரை வேறு மழைத்தண்ணீர் ஓடுவதற்காகக் கேட்டைப் பார்த்துச் சரிந்திருக்கும். பழகுகிறவளுக்கு இதைவிட நல்ல ஏற்றம் எங்கே கிடைக்கும்? அவர் கடையில் இருக்கிற மத்தியான நேரத்தில் ஆணியில் தொங்குகிற சாவியை எடுத்துக் கீழே போய், எஞ்சினைப் போட்டு, ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று ஓட்டினேன். வாட்ச்மேன் எங்கள் மூத்த மகன் வயதுக்காரர். முதல் நாள் பயந்து ஓடி வந்தார். மூன்றாவது நாள் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, டிக்கியில் தட்டித் தட்டி, “ஆனே தோ, ஆனே தோ... பஸ்!” என்று எனக்கு வாத்தியாராகிவிட்டார். ஆனே தோ என்றால் வரட்டும், பஸ் என்றால் போதும். நான் போதும் என்று நிறுத்தினால் அவர், “இன்னொரு தடவை, பாபி” என்பார். அவருக்குக் கட்டடத்து வீட்டம்மாள் எல்லாருமே பாபி, அதாவது அண்ணி.

கியர் போடும்போது வருகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். மே மாதத்தில் கண்ணாடியை ஏற்றினால் உள்ளே இட்லிச் சட்டிதான். ஏசியைப் போட்டுக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சுகத்துக்காகவே சில நாள் கொஞ்சம் கூடுதலாகவும் உட்கார்ந்திருக்கிறேன். நாள் போகப்போக, பிரேக்கைத் தொடாமல், அரை கிளச்சிலேயே வண்டியைச் சரிவில் நிற்கவைக்க எனக்கு வந்துவிட்டது. எஞ்சின் உறுமும், வண்டி முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது. ராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒரு மாதிரி கருகிய வாடை வரும். பக்கத்து வீட்டில் யாரோ எதையோ தீய விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெட்ரோல் போகுமே என்று யோசிக்கவில்லையா என்றால், யோசித்தேன். ஒரு அடி போய் ஒரு அடி வருகிற வண்டி எவ்வளவு குடித்துவிடும்? என் கணக்கில் அது ஒரு குழிக்கரண்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்க்கில் குலுக்கிவிட்டு ஏறினவர் வழக்கம்போல மார்க் சொல்லவில்லை. சயான் சர்க்கிள் தாண்டிய பிறகு, “போன வாரத்துல பாதிகூட இல்ல” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வேறு யாராவது என்றால் மெக்கானிக்கிடம் போயிருப்பார்கள். என் வீட்டுக்காரருக்குப் பெட்ரோலும் ஒரு சரக்கு. குடோனில் பூட்டிவைத்த சரக்கு எப்படிக் குறையும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முதலில் கொடுக்கிறவன் அளவில் குறைத்திருப்பான். பங்க்கை மாற்றினார். மாட்டுங்கா பக்கம் ஒரு பங்க், செம்பூர் பக்கம் ஒரு பங்க். எல்லா இடத்திலும் குலுக்கினார். குறைவது நிற்கவில்லை. அப்படியானால் எலி.

“பானெட்டுக்குள்ள எலி பூந்து பைப்பைக் கடிச்சிருக்கும். நம்ம குடோன்ல கடிக்கலியா?” என்று கடையிலிருந்து ஒரு எலிப்பொறி கொண்டுவந்து, தேங்காய்ச் சில்லு குத்தி, எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்குப் பகீரென்றது. மத்தியானம் எஞ்சினைப் போடும்போது தேங்காய் வறுபட்ட வாசனையே வந்துவிட்டது. எலி விழவில்லை. மூன்றாவது நாள், வைத்ததை மறந்துவிட்டு ஆயில் பார்க்கக் கையை விட்டவரின் விரல்தான் விழுந்தது. நான் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன்.

எலியும் இல்லையென்றால், வெயில். கோடையில் கருப்பட்டி இளகும், அரிசி காய்ந்து எடை குறையும். “பெட்ரோலும் காய்ஞ்சுதான் போகுது, சந்தேகமே இல்ல” என்று கடையிலிருந்து கோணிச்சாக்குகளை எடுத்துவந்து, நனைத்து, டாங்க் இருக்கிற பக்கமாக வண்டிமேல் போர்த்தினார். நெற்றியில் ஈரத்துணி போட்ட காய்ச்சல்காரன் மாதிரி வண்டி நின்றது. கட்டடத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தன. எதிர் வீட்டு மராத்தி அம்மாள் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாளே, அதில் எல்லாம் இருந்தது. என் மத்தியான வகுப்பு அவள் ஜன்னலுக்கு நேர் கீழேதான்.

கடைசியாகத் திருடனுக்கு வந்தார். “ஏளா, இந்த வாட்ச்மேன் மேல எனக்கு டவுட்டு. ராத்திரி ட்யூப் போட்டு உறிஞ்சுதான். செக்ரட்டரிகிட்ட சொல்லிரணும்” என்றார்.

இதுவரை எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது கோபம் வந்துவிட்டது. எனக்கு டிக்கி தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த மனிதன் மேல் திருட்டுப் பட்டமா? “கண்ணால பாத்தீயளா? பாக்காம ஒருத்தன் பொழப்புல கைவைக்கப்பிடாது. குடோன் பூட்டுக்கு சீல் வைப்பீயள்லா, அதே மாதிரி வச்சுப் பாருங்க. பிரிஞ்சிருந்தா அப்புறம் பேசுங்க” என்றேன். எனக்கு இவ்வளவு வியாபார அறிவு இருக்கிறதே என்று அவருக்குப் பெருமை. துணிக் கீற்றில் கஞ்சிப் பசை தடவி, பெட்ரோல் மூடிக்குக் குறுக்கே ஒட்டி, பாதி துணியிலும் பாதி வண்டியிலும் விழுகிற மாதிரிக் கடை ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார். அந்த ஊதா முத்திரையில் பாதி இன்னும் வண்டியில் அழியாமல் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை பார்த்தால் சீல் அப்படியே இருந்தது. பெட்ரோல் முள் இறங்கியிருந்தது. வாட்ச்மேன் தப்பித்தார். எனக்குத்தான் கணக்குப் புரிந்தது. மூடி திறக்கவில்லை, எலி இல்லை, பைப்பில் ஓட்டை இல்லை. குழிக்கரண்டி என்று நான் நினைத்தது குடம் குடமாகப் போயிருக்கிறது. அன்றிலிருந்து ஏசி போடுவதை நிறுத்தினேன். பழகுவதை நிறுத்தவில்லை. பரீட்சைக்கு நாள் நெருங்கிவிட்டது.

இன்னொரு நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடியப்போகிறது. ஆர்டிஓவில் மறுபடி பாசிங் வாங்கினால்தான் ரோட்டில் ஓட்டலாம். “மைலேஜ் வரலேன்னா பாசிங்காவது ஒண்ணாவது. குர்லா பங்கார்க்காரன்கிட்ட எடைக்குப் போட்டுருவேன்” என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்தார். லைசென்ஸ் வரும்போது வண்டி பங்கார்க்காரனின் பழைய இரும்புக் கடையில் இருந்தால் நான் எதில் ஏறி டிராம்பே போவேன்? “ஒரு தடவ மெக்கானிக்கிட்டதான் காட்டுங்களேன்” என்று நானே சொன்னேன். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மெக்கானிக் தாராவியில், கடைக்குப் பின் சந்தில் இருக்கிறவர், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினார். காய்கறிப் பையோடு நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

“அண்ணாச்சி, கிளச் தட்டு தேஞ்சிட்டு. எஞ்சின் கத்துது, வண்டி இழுக்க மாட்டேங்கு. பெட்ரோல் குடிக்காம என்ன செய்யும்? இது தானாத் தேயலை. அரை கிளச்சுலயே காலை வச்சு நிப்பாட்டி நிப்பாட்டித் தேச்சிருக்கு. வண்டி வேற யாரும் எடுக்காவளா?”

“வேற யாரு எடுக்கா? நான் ஒருத்தந்தான்.”

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, “அப்ப உங்க காலுதான் அண்ணாச்சி. வயசாச்சுன்னா சில பேருக்கு அப்படித்தான். இடது கால் மிதிச்சிருக்கா இல்லியான்னே தெரியாமப் போயிரும். எங்க அப்பாவுக்கும் அப்படித்தான் ஆச்சு” என்றார். மனதில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரிதான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போது சிக்னலில் எஞ்சினை அணைக்கவில்லை. பாலம் இறங்கும்போது நியூட்ரலில் விடவில்லை. ஒவ்வொரு தடவை கிளச்சை மிதிக்கும்போதும் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, “இனிமே நான் ஓட்டலளா. கிழட்டு வண்டி, கிழட்டு டிரைவர். பங்கார்க்காரன வியாழக்கிழமை வரச் சொல்லிருதேன்” என்றார்.

என் பரீட்சை புதன்கிழமை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பரீட்சை முடிந்துவிடும். பிறகு விஷயத்தைச் சொல்லி வண்டியையும் நிறுத்திவிடலாம். பந்தியில் சிரித்த சிரிப்புக்குப் பதிலும் சொல்லிவிடலாம். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவர் ஜன்னலில் எட்டி வண்டியைப் பார்க்கவில்லை. சர்க்கரை டப்பாவைத் தூக்கவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நேற்று வரை பிடித்ததில்லை. சாயங்காலம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலைத் தரையில் ஊன்றி, மெல்ல அழுத்தி, மெல்ல எடுத்து, மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதனைக் கேலி செய்ய எனக்கு ஆயிரம் காரணம் உண்டு. அவர் காலைப் பற்றி அவருக்கே பயம் வர நான் காரணமாக இருப்பதா?

அடுப்பை அணைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு, “கீழ வாங்க” என்றேன்.

“எதுக்கு?”

“வாங்கன்னா வாங்க.”

வெளிச்சம் இன்னும் இருந்தது. பிள்ளைகள் காம்பவுண்டில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் நேராகப் போய் வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். “ஏளா, அது டிரைவர் சீட்டு” என்றார். நான் எஞ்சினைப் போட்டேன். பழைய பழக்க தோஷத்தில் கை தானாக ஏசிப் பொத்தானுக்குப் போய்விட்டது. கிளச்சை மிதித்து, கியர் போட்டு, அரைக்கு வந்து, சரிவில் வண்டியை அப்படியே நிறுத்திக் காட்டினேன். எஞ்சின் உறுமியது. சத்தம் கேட்டு வாட்ச்மேன் தன் கூண்டிலிருந்து வந்தார். பக்கத்தில் வீட்டுக்காரர் நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை. டிக்கியில் தட்டி, “ஆனே தோ பாபி, ஆனே தோ... பஸ்!” என்றார். கிரிக்கெட் ஆடின ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டடத்தில் யாருக்கும் இது புதுசு இல்லை, ஒருத்தரைத் தவிர.

அந்த ஒருத்தர் ஜன்னலருகே வந்து மோந்து பார்த்தார். கருகின வாடை நன்றாக வந்தது.

“நாந்தான். தினமும் மத்தியானம் பழகுதேன். கிளச்சைத் தேச்சது நானு, பெட்ரோலைக் குடிச்சது நானு. உங்க காலுக்கு ஒண்ணும் இல்ல” என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். “அப்ப என் காலு இல்லியா?”

“இல்ல.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை, பிள்ளை பிறந்ததற்குக்கூட. அந்த இடத்திலேயே இடது காலால் தரையை இரண்டு மிதி மிதித்துப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் உள்ளேயிருந்து வந்த குளிர்காற்று அவர் முகத்தில் பட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

“ஏளா, ஏசி வேற போட்டியா?”

மறுநாள் காலையில் அவர் செய்த முதல் காரியம், மெக்கானிக்கிடம் போய், “காலு நம்ம காலு இல்லப்பா, வீட்ல பழகுதாவ” என்று சொன்னது. அவரோடு நிற்கவில்லை. தன் காலைக் காப்பாற்றுவதற்காகச் சந்து முழுக்க, கடை வரிசை முழுக்க, பந்தியில் பக்கத்து இலையில் சிரித்தவர் உட்பட எல்லாரிடமும் நான் கார் பழகுவதை அவரே சொல்லிவிட்டார். நான் இரண்டு மாதம் பொத்திப் பொத்தி வைத்தது தாராவி முழுக்கப் பரவ ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. வாட்ச்மேனுக்கு ஒரு சிப்பம் கருப்பட்டி வந்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவுமில்லை. பங்கார்க்காரனை வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

புதன்கிழமை ஏற்றத்தில் ஸ்கூல் வண்டியை நிறுத்தி, இம்மிகூடப் பின்னால் உருளாமல் எடுத்தேன். பக்கத்தில் இருந்த அதிகாரி ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு வித்தையில் எனக்கு இருந்த அனுபவம் அங்கே வந்திருந்த யாருக்கும் இருந்திருக்காது. கடை லீவான ஒரு நாள் லைசென்ஸ் தபாலில் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர். தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற என் திட்டம் அதோடு கெட்டது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால், அது என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அவருக்கு ரசம் ஊற்றினேன். அவர் ரசத்தைப் பற்றித்தான் பேசினார்.

புதுக் கிளச் போட்டாயிற்று, பாசிங்கும் கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, “வண்டி இப்ப எவ்வளவு குடுக்குன்னு பாக்கணும்லா” என்றார். சயானில் டாங்கை நிரப்பி, குலுக்கி, இன்னும் நிரப்பி, டிராம்பேக்குக் கிளம்பினோம். நான் வலது பக்கம். அவர் இடது பக்கம். செம்பூர் சிக்னலில், “ஆஃப் பண்ணுளா” என்று அவர் கை சாவிக்கு வந்தது. “கைய எடுங்க” என்றேன். எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வழி நெடுக, இல்லாத பிரேக்கைத் தன் பக்கம் மிதித்துக்கொண்டே வந்தார். சம்பந்தி யாரும் ஏறாத வண்டியில் ஏசியும் ஓடியது. புதுக் கிளச்சின் சத்தத்தைக் கேட்பதற்காகக் கண்ணாடியை ஏற்றச் சொன்னது அவர்தான்.

அக்கா கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். வண்டியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கினோம். அவளுக்கு வண்டியின் நிறம் தெரியும், உள்ளே இருக்கிற முகம் தெரியாது. எப்போதும் போல இடது ஜன்னலுக்கு வந்து, எப்போதும் போலக் கையை உள்ளே விட்டு என் கன்னத்தைத் தடவினாள். சவரம் செய்யாத ஞாயிற்றுக்கிழமைக் கன்னம் அது.

“ஐயய்யோ, என்னட்டி இது முள்ளு?” என்று கையை இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, நான் இந்தப் பக்கம்” என்றேன்.

அவள் பானெட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டாள். முதலில் ஸ்டியரிங்கைத் தொட்டாள், அதன்மேல் இருந்த என் கையைத் தொட்டாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். இடது பக்கம் இருந்தவர் இறங்கிப் போய்க் கருப்பட்டியை எடுக்கிற சாக்கில் டிக்கிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

திரும்பும்போது அதே பங்க். நிரப்பி, குலுக்கி, மறுபடி நிரப்பி, ஏறி உட்கார்ந்து மனதில் வகுத்தார். உதடு அசைந்தது. மறுபடி முதலிலிருந்து வகுத்தார். நான் வண்டியை எடுக்காமல் காத்திருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள், இந்தத் தடவை நான் முந்தானையை இழுத்துக்கொள்ளவில்லை.

“என்ன வருது?”

சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் ஓட்டிய எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவ்வளவு நல்ல எண் வந்ததில்லை.

“புதுக் கிளச்சுல்லா, அதாம்” என்றார். கொஞ்சதூரம் போன பிறகு, “ரோடும் காலியா இருந்துச்சு” என்றார். சுனாபட்டி வரப்போகிற சமயத்தில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “ஒரு தடவ ஓட்டுனத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. புதங்கிழமை நீ மட்டும் தனியாப் போயிட்டு வா. என் வெயிட்டு இல்லாம எவ்வளவு குடுக்குன்னு பாக்கணும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு ஃபோன் போட்டு, புதன்கிழமை வாறேன் என்றேன்.

“நேத்து வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒருக்க வருவே, இப்ப மூணாம் நாளேயா?” என்று சிரித்தவள், “யாருட்டி கூட்டிட்டு வாரா?” என்று கேட்டாள்.

“யாரும் இல்லக்கா” என்றேன்.